ஆறிப்போன மாத்தே

என் கணவர் எல்பியோவின் தொண்டைக்குக் கீழே மாட்டிறைச்சி முதன்முறை சிக்கியபோது குற்றவாளி அந்த மாடு. "கிழட்டு மாட்டை வெட்டி நம்ம தலையில கட்டிட்டான்" என்று கசாப்புக்காரரைத் திட்டினார். அடுத்த முறை ரொட்டி சிக்கியது, குற்றவாளி பேக்கரி. அதற்கப்புறம் வெறும் உருளைக்கிழங்கு மசியல். மசித்தது நான் என்பதால் குற்றவாளியைத் தேடி அவர் அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் நெஞ்சில் குத்திக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, மேசையைப் பிடித்தபடி நிற்பார். சிக்கியது மெல்ல இறங்கியதும் உட்கார்ந்து, எதுவுமே நடக்காததுபோல உப்பை எடு என்பார். உலகத்தில் எல்லார் மேலும் அவருக்குச் சந்தேகம் வந்தது, தன் உணவுக்குழாய் ஒன்றைத் தவிர.

அந்தக் குழாய் பட்ட பாடு எனக்குத் தெரியும். உருகுவேயில், அதுவும் எங்கள் வடகிழக்குப் பக்கத்தில், ஆண்பிள்ளைகள் கக்கத்தில் ஃபிளாஸ்க்கோடுதான் பிறக்கிறார்கள். எல்பியோ காலையில் எழுந்தவுடன் கெட்டிலை அடுப்பில் ஏற்றிவிட்டு, அதன் முன்னால் தலையைச் சாய்த்துக் காது கொடுத்து நிற்பார். எங்கள் ஊர்த் தேநீரான மாத்தேவுக்குத் தண்ணீர் கொதிக்கக் கூடாது. கொதித்தால் இலைத்தூள் வெந்து ருசி கெட்டுப்போகும். கொதிக்கப் போகிற நேரத்தில் கெட்டில் லேசாக முனகும், அப்போது சட்டென்று இறக்கி ஃபிளாஸ்க்கில் ஊற்ற வேண்டும். இலைத்தூள் மேல் அப்படி ஒரு கரிசனம். இலைத்தூள் வெந்துவிடக் கூடாது, மனுஷன் வெந்தால் பரவாயில்லை.

பிறகு அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் டயர் கடை வாசல் பெஞ்சுக்குப் போவார். அங்கே கூட்டாளிகள் காத்திருப்பார்கள். சுரைக்குடுவை நிறைய இலைத்தூள், அதில் குத்தி வைத்த உலோகக் குழல் ஒன்று. ஊற்றுகிறவர் முதலில் தான் குடிப்பார். பிறகு நிரப்பி நிரப்பி ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார். வாங்கியவர் குழல் கரகரவென்று சத்தம் போடும்வரை உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஊற்றுகிற உரிமை என் கணவருடையது. அந்தப் பெஞ்சில் 'சூடாக இருக்கிறது' என்று யாரும் சொன்னதில்லை. விதை விற்க வந்த ஒரு வெளியூர்க்காரர் ஒருநாள் குடுவையை வாயருகே வைத்து ஊதிவிட்டார். பாவம், இன்றைக்கும் அவர் பெயர் 'விசிறி'. அவர் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையை வாங்கியபோதுகூட "விசிறி வீட்டுக் கல்யாணமா?" என்றுதான் கேட்டார்கள்.

எல்பியோவுக்குக் கஞ்சியே இறங்க மறுத்த ஒரு நாளில், டயர் கழற்றும் கம்பியைக் கையிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டு அவரை மருத்துவமனைக்கு இழுத்துப் போனேன். டாக்டர் ரொமினா தலைநகரத்துப் பெண். சின்ன வயசு. முகத்தில் சிரிப்பு இருக்கும், பேச்சில் இருக்காது.

"மாத்தே எவ்வளவு சூடாக் குடிப்பீங்க?"

"சரியான சூட்டுல."

"சரியான சூடுன்னா?"

"ஆம்பளைங்க குடிக்கிற சூட்டுல, டாக்டரம்மா."

"ஆம்பளைங்களுக்கு உணவுக்குழாய் இரும்புல வெச்சிருக்கா? நான் படிச்ச காலேஜ்ல சொல்லித் தரலையே."

நான் சிரித்துவிட்டேன். எல்பியோ என்னை முறைத்தார், நான்தான் அந்தக் காலேஜை நடத்துகிறவள் மாதிரி.

டாக்டர் பேனாவை மூடினார். "ஐயா, வயித்துலேருந்து புளிச்சது மேல வந்து ஒரு பக்கம் அரிக்குது. மேலேருந்து வெந்நி வந்து இன்னொரு பக்கம் சுடுது. இப்படி வருஷக்கணக்கா சுட்டா உள்தோல் மாறிப்போகும். மாறினது புத்துநோயா ஆனாலும் ஆகலாம். ஆயிருச்சா இல்லையான்னு வெளியில இருந்து பாத்து எனக்குச் சொல்லத் தெரியாது. மேலோ டவுன் ஆஸ்பத்திரியில எண்டோஸ்கோபிக்கு எழுதித் தரேன், குழாய் விட்டு உள்ள பாப்பாங்க. அதுவரைக்கும் சுருட்டு வேணாம், கிராப்பா சாராயம் வேணாம். சாப்பிட்டவுடனே படுக்காதீங்க. கட்டில் தலைமாட்டை உயத்துங்க. மாத்தேவை விடச் சொல்லல. ஆற வெச்சுக் குடிங்க."

கடைசி வாக்கியத்தில் எல்பியோ எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். வெளியே வந்து, "பாத்தியா? மாத்தேயில கை வெக்குறாங்க. இது காபி கம்பெனிக்காரன் வேலை" என்றார்.

ஆனால் அவர் முழுதாக அடங்காதவர் என்று சொல்லக் கூடாது. சுருட்டை விட்டார். கிராப்பாவை விட்டார், அதாவது வீட்டில். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் பழைய டயர்களை வைத்து உயர்த்தியதும் அவரேதான். வேலையில் கெட்டிக்காரர், கொஞ்சம் அதிகமாகவே உயர்த்திவிட்டார். படுக்கும்போது என் பக்கத்தில் படுப்பார். விடியும்போது போர்வையும் அவரும் கால்மாட்டில் சுருண்டு கிடப்பார்கள்.

எண்டோஸ்கோபிதான் நடக்கவில்லை. முதல் தேதிக்கு லாரி டயர் ஒன்று வந்துவிட்டது. அடுத்த தேதிக்கு மழை. அதற்கும் அடுத்த தேதிக்கு முந்தின நாள், "அந்தக் குழாயை எத்தனை பேர் வாயில விட்டாங்களோ, எனக்கு அருவருப்பா இருக்கு" என்றார். ஊரே வாய் வைக்கும் ஒற்றைக் குழலைத் தினமும் உறிஞ்சுகிற மனுஷன் சுத்தம் பேசினார்.

நான் பயந்துபோயிருந்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு மேசையில் அவர் ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் நானும் கூடவே விழுங்கினேன். புற்று என்ற சொல்லை டாக்டர் சொன்னதிலிருந்து அது எங்கள் வீட்டில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. கெஞ்சினேன், கத்தினேன், தலைகீழாக நின்றேன். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. சரி, காதை விட்டுவிட்டு ஃபிளாஸ்க்கைப் பிடிப்போம் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை அவர் ஃபிளாஸ்க்கை நிரப்பி மேசையில் வைத்துவிட்டு முகம் மழிக்கப் போனார். நான் மூடியைத் திறந்து பாதி வெந்நீரைக் கவிழ்த்துவிட்டு, குழாய்த் தண்ணீரைச் சேர்த்து மூடினேன். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதம். ஒன்றும் தெரியாதவளாகத் துணி தேய்க்க ஜன்னலோரம் போய் நின்றேன். அங்கிருந்து பெஞ்சு நன்றாகத் தெரியும்.

அன்றைக்குப் பெஞ்சில் முடிதிருத்தும் உபால்தோ இருந்தார். எல்பியோவின் இடது பக்கம், வழக்கம்போல, தார்தோ. தார்தோ எங்கள் மகளுக்கு ஞானத்தகப்பன். வாலிபத்தில் ஆட்டுரோமம் கத்தரிக்கிற கூட்டத்தோடு பண்ணை பண்ணையாகச் சுற்றியவர். நான் எல்பியோவுக்குக் கழுத்தை நீட்டுவதற்கு முன்பே அவர்கள் இரண்டு பேரும் கூட்டாளிகள். அந்த வகையில் பார்த்தால் நான் இளைய தாரம்.

எல்பியோ முதல் குடுவையை உறிஞ்சினார். நிறுத்தினார். கண்கள் அகன்றன. ஃபிளாஸ்க் ஜன்னலை நோக்கிப் பறந்து வரப்போகிறது என்று நான் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தேன். ஆனால் அவர் மறுபடி உறிஞ்சினார். குழல் கரகரக்கும்வரை உறிஞ்சினார். பிறகு நெஞ்சில் கையை வைத்து, எதையோ தேடுகிறவர்போல அப்படியே உட்கார்ந்திருந்தார். "இறங்கினதே தெரியலடி" என்று பின்னால் என்னிடம் சொன்னார். பல மாதத்துக்கு அப்புறம் வலிக்காமல் இறங்கிய முதல் வாய் அது.

அப்போதே வாயைத் திறந்து, தண்ணீர் ஆறிப்போயிருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கலாம். மகராசன் கமுக்கமாகக் குடுவையை நிரப்பித் தார்தோவிடம் நீட்டினார்.

தார்தோ ஒரு வாய் உறிஞ்சினார். குடுவையைப் பார்த்தார். பிறகு எல்பியோவைப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் மாத்தே பேசும். அந்தக் காலத்தில் பெண் கேட்டு வந்தவனுக்குப் பெண் கொடுக்கும் குடுவையே பதில். சூடாக இருந்தால் உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆறியிருந்தால் உன் மூஞ்சியே பிடிக்கவில்லை, நடையைக் கட்டு. இதெல்லாம் கட்டுக்கதை என்று ஆண்கள் சிரிப்பார்கள். சிரிக்கிற எவருக்காவது ஒரு ஆறிய மாத்தேயைக் கொடுத்துப் பாருங்கள், தெரியும்.

"நன்றி" என்றார் தார்தோ.

உபால்தோ வாயைப் பிளந்தார். மாத்தே வட்டத்தில் நன்றி என்றால் எனக்குப் போதும், இனி என்னைக் கணக்கில் சேர்க்காதே என்று அர்த்தம். முதல் குடுவையிலேயே யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள், செருப்பைக் கழற்றி அடிப்பதும் அதுவும் ஒன்று.

தார்தோ எழுந்தார். "நேராவே கேட்டிருக்கலாம் மச்சான். நாலு பேர் முன்னால இப்படிப் பச்சைத்தண்ணியை நீட்டி அவமானப்படுத்தணுமா? ஆமா, நான்தான் போட்டேன். கணக்கு எழுதத் தெரிஞ்சவன் செயலாளரா வரட்டும்னு அந்த ஆளுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். அதுக்கு இப்ப என்ன?"

விஷயம் இதுதான். முந்தின வாரம் குண்டெறி விளையாட்டுச் சங்கத்தின் செயலாளர் தேர்தலில் எல்பியோ தோற்றிருந்தார். யார் கவிழ்த்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாமலே போயிருக்கும். என் குழாய்த் தண்ணீர் அதைக் கறந்துவிட்டது.

"நீயாடா போட்டே?" என்றார் எல்பியோ.

"தெரியாத மாதிரி நடிக்காத."

"என் பொண்ணுக்கு ஞானத்தகப்பன் நீ!"

"பொண்ணுக்குத்தான் ஞானத்தகப்பன். சங்கத்துக்கு இல்ல."

தொப்பியை அழுத்திக்கொண்டு தார்தோ போய்விட்டார். உபால்தோ ஒரு ஐந்து நிமிஷம் மரியாதைக்கு உட்கார்ந்திருந்துவிட்டு, செய்தியை ஊருக்குச் சொல்லும் கடமை அழைக்க, கடையைத் திறக்க ஓடினார்.

உள்ளே வந்த எல்பியோவிடம் நானே சொன்னேன். "தண்ணியைக் கலந்தது நான்தான். போய் அவர்கிட்ட விஷயத்தைச் சொல்லு. தொண்டைக்காக ஆற வெச்சோம்னு சொல்லு. முடிஞ்சது."

"தொண்டையில கோளாறுன்னு நான் போய்ச் சொல்லணுமா?"

"கோளாறுதானே?"

"அதுக்கு ஓட்டுக்காகக் கோவிச்சுக்கிட்டேன்னே இருந்துட்டுப் போகட்டும். அதுல ஒரு கௌரவம் இருக்கு."

கௌரவம் பெஞ்சின் இடது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அது மாத்தே குடிக்காது, கதை பேசாது, மழை வருமா என்று வானத்தைப் பார்த்துச் சொல்லாது. எல்பியோ பழையபடி கெட்டில் முனகும் தண்ணீரையே ஊற்றிக் குடித்தார், ஃபிளாஸ்க்கை என் கண்ணில் காட்டாமல். சாப்பாடு இன்னும் குறைந்தது. தொண்டையாலா துக்கத்தாலா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எண்டோஸ்கோபிக்கு இன்னொரு தேதி வாங்கி வைத்திருந்தேன். அதுவும் போனது. அன்றைக்கு அவருக்கு மனசு சரியில்லையாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் எங்கள் வீடுகளில் ரொட்டிமாவைத் தட்டி எண்ணெயில் பொரிப்போம். நான் பொரித்துக்கொண்டிருந்தபோது எல்பியோ வந்து நின்றார். புதுச் சட்டை, வாரிய தலை, கக்கத்தில் ஃபிளாஸ்க்.

"அதுல கொஞ்சம் துணியில கட்டு. தார்தோ வீட்டுக்குப் போறோம்."

"ஃபிளாஸ்க்குல என்ன?"

"வெந்நி. அன்னிக்கு ஆறினதைக் குடுத்துக் கெட்டுப்போச்சு. இன்னிக்கு எப்படிக் குடுக்கிறேன் பாரு. கொதிக்கிறதுக்கு ஒரு மயிரிழைதான் பாக்கி."

"யோவ், உனக்கு அறிவிருக்கா? சமாதானம் பேச வாய் இருக்கு. அதைத் திறந்து பேசித் தொலையேன்."

"வாயால சொன்னா நாடகம் மாதிரி இருக்கும்டி."

தார்தோ கதவைத் திறந்தார், ஃபிளாஸ்க்கைப் பார்த்தார், வழிவிட்டார். சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். எல்பியோ முதலில் குடித்தார். காது சிவந்தது, கண்ணில் நீர் கோத்தது. நிரப்பி நீட்டினார். தார்தோ குடித்தார். அவர் கண்ணிலும் நீர்.

"நல்லா இருக்கு மச்சான்" என்றார் தார்தோ, குரல் கரகரக்க.

"இன்னொன்னு?"

"ஊத்து."

அடுத்த சுற்றிலும் இரண்டு பேரும் அழுதார்கள். அவன் பாசத்தில் அழுகிறான் என்று இவரும், இவன் பாசத்தில் அழுகிறான் என்று அவரும் நினைத்துக்கொண்டார்கள். நாக்கு வெந்து அழுகிறார்கள் என்பது மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும் தெரிந்தது. தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. பாசம் பொங்கிய வேகத்தில் எல்பியோ பொரித்த ரொட்டியில் ஒரு பெரிய துண்டைக் கடித்து விழுங்கினார்.

அது நின்றுவிட்டது. நெஞ்சில் குத்தினார், எழுந்தார், மேசையைப் பிடித்தார். தண்ணீர் கொடுத்தேன், அப்படியே திரும்பி வந்தது. எச்சில்கூட உள்ளே போகாமல் வாயோரம் வழிந்தது. அதில் ரத்தக் கோடு. பேச முயன்றார், முடியவில்லை. கையை நீட்டி என் கையைப் பிடித்தார். கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிப் பிடித்ததில்லை. தார்தோ அவரைத் தோளோடு அணைத்துத் தன் வண்டியில் ஏற்றினார். மேலோ வரைக்கும் மழையில் அப்படி ஒரு ஓட்டம் ஓட்டினார். வழி நெடுக நான் எல்பியோவின் வாயைத் துடைத்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் வந்தேன். திட்டு நின்றால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

இப்படியாக, லாரி டயராலும் மழையாலும் அருவருப்பாலும் தள்ளிப்போன எண்டோஸ்கோபிக் குழாய் என் ரொட்டித்துண்டின் தயவில் உள்ளே போனது. துண்டை எடுத்தார்கள். உள்ளே புண்ணாக வெந்து, வீங்கி, உணவுக்குழாய் ஒரு விரல்கூட நுழையாத அளவுக்குக் குறுகியிருந்ததாம். சதையில் துணுக்கு எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் தூங்கிய லட்சணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டர் ரொமினா தாளைப் படித்துவிட்டு எல்பியோவைப் பார்த்தார். "புத்து இல்ல. ஆனா தோல் மாற ஆரம்பிச்சிருக்கு. இப்ப நிறுத்தினா நிறுத்தலாம். குறுகின இடத்தை விரிச்சுவிடுவோம், வருஷா வருஷம் பாப்போம். மாத்தே தண்ணியில விரலை விட்டா விரல் அங்கேயே இருக்கணும். வெடுக்குன்னு எடுத்தீங்கன்னா அது உங்களுக்கு இல்ல."

"சரிங்க டாக்டரம்மா" என்றார் எல்பியோ. காபி கம்பெனியைப் பற்றி மூச்சு விடவில்லை.

வீட்டுக்கு வந்த சில நாட்களில், ஒரு மத்தியானம், தார்தோ வந்தார். எங்கள் சமையலறையில் உட்கார்ந்தார்கள். ஊற்றுகிற உரிமையை நான் எடுத்துக்கொண்டேன். என் வீடு, என் கெட்டில், என் விரல். விரலை விட்டுப் பார்த்து எல்பியோவுக்கு ஒன்று கொடுத்தேன். முகத்தைக் கோணிக்கொண்டு குடித்தார். அடுத்ததைத் தார்தோவிடம் நீட்டினேன்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. ஆறினதுதான். ஏன்னு உங்களுக்கே தெரியும்."

"குடு தங்கச்சி. இனிமே என்ன மானம் வேண்டிக் கிடக்கு."

குடித்தார். ஒரு வாய், நிறுத்தம். இன்னொரு வாய். குழல் கரகரத்தது. குடுவையைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னொன்னு ஊத்து."

ஊற்றினேன். அதையும் குடித்தார். பிறகு கேட்டார், "இது ஏன் வலிக்கல?"

எல்பியோ சிரித்தார். "ஆறிப்போனது எப்படிடா வலிக்கும்? அதான் கதையே."

"அது இல்ல மச்சான். முழுங்கினா வலிக்கத்தானே செய்யும்? எதை முழுங்கினாலும். எல்லாருக்கும் அப்படித்தானே?"

எல்பியோவின் சிரிப்பு பாதியில் நின்றது. நான் தார்தோவை அப்போதுதான் பார்த்தேன். தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்த ஆள்தான். இடுப்புப் பட்டையில் ஆணியால் புதுசாகத் துளை போட்டிருந்தார், ஒன்றில்லை, அதற்கும் உள்ளே தள்ளி இன்னொன்று. சட்டைக் கழுத்துக்குள் கழுத்து தனியாக நின்றது. நான் ஒரு தொண்டையையே காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எத்தனை நாளாண்ணே?"

"நாளா? போன கோடையிலேருந்து இருக்கும். ரொட்டியைச் சூப்புல நனைச்சுக்குவேன், போயிரும். இறைச்சியைத்தான் விட்டுட்டேன்." தன்மேல் தப்பு இருப்பதுபோலச் சிரித்தார். "வயசானா இப்படித்தான்னு நினைச்சேன். பெஞ்சுல யாரும் எதுவும் சொல்லலையே. எல்லாரும் பேசாமத்தானே குடிச்சோம்."

இந்த நாட்டில் ஒருவன் இறைச்சியை விட்டுவிட்டான் என்றால் அக்கம்பக்கம் ஓடி வந்து கேட்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. டாக்டர் சொன்ன சொல் மறுபடி வீட்டுக்குள் வந்து, இந்தத் தடவை தார்தோவின் பக்கத்தில் உட்கார்ந்தது.

எல்பியோ எழுந்து சுவரிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார். "எந்திரி. டாக்டரம்மா நாலு மணி வரைக்கும் இருப்பாங்க."

"இப்பவேவா? நாளைக்குப் பாத்துக்கலாம் மச்சான்."

"எந்திரிடா."

அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது. என் கணவர் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. தார்தோ அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு காலிக் குடுவையை என்னிடம் நீட்டினார்.

"வரேன். இன்னும் ஒன்னே ஒன்னு குடிச்சிட்டு வரேன் தங்கச்சி. எவ்வளவு நல்லா இருக்கு."

நான் ஊற்றிக் கொடுத்தேன். அவர் அவசரமில்லாமல் குடித்தார். எல்பியோ சாவியைப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்று காத்திருந்தார்.